அப்டேட்டும் போன் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். கடை வாசலில் நின்று கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டே விஷயங்களைப் பற்றியவை. கணினிக்கு அப்டேட் போடலாமா வேண்டாமா என்பது ஒன்று. போனில் நிரம்பிக் கிடக்கும் படங்களைக் கணினிக்கு எப்படி மாற்றுவது என்பது இன்னொன்று. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் முடிந்ததும் இரண்டாவது கேள்வி இன்னும் கூடும். கேட்கிற எல்லோருக்கும் உள்ளுக்குள் இருப்பது ஒரே அச்சம்தான்: இருப்பது போய்விடுமோ?

அந்த அச்சத்துக்கு என்னிடம் உள்ள மருந்தும் ஒன்றுதான். முதலில் படங்களுக்கு இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள். பிறகு அப்டேட்டைத் தயங்காமல் போடுங்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். பேச்சை எழுத்துக்கு மாற்றியதைத் தவிர வேறு திருத்தம் செய்யவில்லை.

1. கணினி நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு அப்டேட்?

வீட்டில் மின்விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது என்பதால் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் எங்காவது ஓர் ஓட்டை இருந்தே தீரும். அது தெரியவந்ததும், தயாரித்த நிறுவனம் அதை அடைக்க ஓர் ஒட்டு அனுப்புகிறது. மாதாமாதம் வரும் அப்டேட்டில் பெரும்பகுதி இந்த ஒட்டுகள்தான். கண்ணுக்குப் புதிதாக எதுவும் தெரியாததால் அது வீண் வேலை போலத் தோன்றுகிறது.

2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியது. கணினியில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2. மாதத்துக்கு ஒரு முறை புதன்கிழமை காலையில்தான் இந்தத் தொல்லை வருகிறது. யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா?

நாள் குறித்துத்தான் செய்கிறார்கள். 2003 முதல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு ஒட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை ஆகிவிடும். நீங்கள் புதன் காலை கணினியைத் திறக்கும்போது அப்டேட் வந்து காத்திருக்கும்.

நாள் முன்கூட்டியே தெரிவதில் ஒரு வசதி உண்டு. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருமானவரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், அன்று எட்டே முக்காலுக்குக் கணினியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் முன்னதாகவே திறந்துவிடுங்கள்.

3. அப்டேட்டே டேட்டா முழுவதையும் தின்றுவிடுகிறது. மொத்தமாக நிறுத்தி வைக்க முடியாதா?

நிறுத்த வேண்டாம், கட்டுப்படுத்தலாம். போனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைக்கிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் அந்த வைஃபை இணைப்பின் பெயரைத் தொட்டு 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். பெரும்பாலான அப்டேட்டுகளை அந்த இணைப்பில் விண்டோஸ் தானாக இறக்காது. அளவில்லாத வைஃபை கிடைக்கும் இடத்துக்கு, உறவினர் வீடாக இருந்தாலும் சரி, மாதம் ஒரு நாள் மடிக்கணினியைக் கொண்டுபோய் அப்டேட்டை இறக்கிவிட்டு வாருங்கள்.

தேர்வு, திருமணம், தணிக்கை என்று ஏதாவது நெருக்கடி இருந்தால், 'பாஸ் அப்டேட்ஸ்' பொத்தானை அழுத்தி ஐந்து வாரங்கள் வரை தள்ளிவைக்கலாம். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' பகுதியில் உங்கள் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. அப்டேட் சேவையையே முடக்கித் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். செய்துகொள்ளாதீர்கள். அப்படி முடக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளாக ஓர் ஒட்டுகூடப் போடாத கணினிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

4. அப்டேட் ஓடிக்கொண்டே இருக்கிறது, 30 சதவீதத்திலேயே நிற்கிறது. பட்டனை அழுத்தி அணைத்துவிடலாமா?

முதலில் காத்திருங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் பெரிய அப்டேட் முடிய இரண்டு மணி நேரம் ஆவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சதவீதம் நகராமல் இருந்தாலும், ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பறித்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும்.

ஐந்தாறு மணி நேரம் கழித்தும் விளக்கு அசையவில்லை என்றால், அப்போது பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைக்கலாம். திரும்ப இயக்கும்போது, பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வைத்திருப்பது இதற்காகவே பயன்படும். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள்.

5. அப்டேட் போட்டால் படங்களெல்லாம் அழிந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே, உண்மையா?

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட்டில் ஒரு பிழை இருந்தது. சிலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் அதில் அழிந்தன. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அந்த அப்டேட்டை நிறுத்திவைத்து, திருத்திய பிறகுதான் மீண்டும் வெளியிட்டது. ஆக, நடந்திருக்கிறது. ஆனால் அரிதாக நடந்திருக்கிறது.

என் கடையில் நான் பார்ப்பது வேறொரு காரணம். ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே தேய்ந்துபோய் மரணப்படுக்கையில் இருக்கும். அப்டேட் பல மணி நேரம் அதை இடைவிடாமல் எழுத வைக்கும்போது அது கடைசி மூச்சை விட்டுவிடும். பழி அப்டேட்டின் மேல் விழும். அந்த டிஸ்க் அன்று போகாவிட்டால் அடுத்த மாதம் போயிருக்கும். காரணம் எதுவானாலும் படம் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் ஆபத்துதான். அதனால் இனி வரும் கேள்விகள் நகல் எடுப்பதைப் பற்றியவை.

6. போனைக் கணினியில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, வேறு எதுவும் வரவில்லை.

மூன்றில் ஒன்று. முதலாவது, வயர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வயரும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் மலிவான சில சார்ஜர் வயர்களுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் ஓடும். தகவலைக் கடத்தும் கம்பிகள் இருக்காது. எத்தனை முறை செருகினாலும் அதில் படம் வராது. போனோடு பெட்டியில் வந்த வயரைத் தேடி எடுங்கள்.

இரண்டாவது, போனின் பூட்டைத் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன், திரை பூட்டியிருக்கும்வரை தன் கோப்புகளைக் கணினிக்குக் காட்டாது. மூன்றாவது, திரையை மேலிருந்து கீழே இழுத்தால் 'சார்ஜிங் திஸ் டிவைஸ் வயா யூஎஸ்பி' என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். கணினியில் 'திஸ் பிசி' பகுதியில் போனின் பெயர் வந்து நிற்கும். மேசைக் கணினி என்றால் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளையில் செருகுவது நல்லது. முன்பக்கத்தில் இணைப்பு தளர்ந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

7. உள்ளே போனால் ஐம்பது ஃபோல்டர் இருக்கிறது. என் படங்கள் எதில்?

போனின் கேமராவில் எடுத்தவை 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் 'கேமரா' என்பதில் இருக்கும். டிஜிட்டல் கேமராக்களுக்கு ஏற்பட்ட பழைய பெயர் அது. போன்களும் அதையே எடுத்துக்கொண்டன. ஸ்கிரீன்ஷாட்கள் 'டிசிஐஎம்' அல்லது 'பிக்சர்ஸ்' உள்ளே தனி ஃபோல்டரில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் அவை 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம் டாட் வாட்ஸ்அப்' என்று ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. தேடிப் பிடித்து அதையும் நகலெடுங்கள். பேத்தியின் முதல் பிறந்தநாள் படம் பெரும்பாலும் உங்கள் கேமராவில் இருக்காது. மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகத்தான் இருக்கும்.

8. கட் செய்து பேஸ்ட் செய்தால் ஒரே வேலையாக முடிந்துவிடுமே, ஏன் காப்பி செய்யச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். 'கட்' செய்யும்போது ஒவ்வொரு கோப்பும் கணினிக்குப் போனவுடன் போனிலிருந்து அழிகிறது. நடுவில் வயர் அசைந்தாலோ, போன் அணைந்தாலோ, எது போய்ச் சேர்ந்தது, எது நடுவழியில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் படத்தின் மேல்பாதி தெரியும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். அப்படிப்பட்ட காதுகுத்துப் படங்களை ஒரு தாத்தா என்னிடம் கொண்டுவந்தார். அவர் காட்டிய பதினேழு படங்களில் ஒன்றிலும் குழந்தையின் முகத்துக்குக் கீழே எதுவும் இல்லை. போனிலும் அவை இல்லை, ஏனென்றால் 'கட்' செய்திருந்தார்.

எனவே காப்பி செய்யுங்கள். ஆயிரக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். முந்நூறு, நானூறாகப் பிரித்து எடுங்கள். வேலை முடியும்வரை போனின் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் போனின் ஃபோல்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் ஜன்னலின் அடியில் எண்ணிக்கை தெரியும். கணினியின் ஃபோல்டரிலும் அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போனாலும் நிறுத்தாதீர்கள். கணினியில் வந்த நகலில் ஆங்காங்கே பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். கடைசி வீடியோவை இறுதிவரை ஓடவிடுங்கள். பாதியில் அறுந்த நகல் பெரும்பாலும் வீடியோவின் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் சரியாக இருந்து, 14ஆம் கேள்வியில் சொல்லும் இரண்டாவது நகலும் எடுத்த பிறகு போனில் அழிக்கலாம்.

9. கணினிக்கு மாற்றியதும் எல்லாப் படத்துக்கும் இன்றைய தேதி வந்துவிட்டது. பழைய தேதி போய்விட்டதா?

போகவில்லை. ஃபோல்டரில் தெரிவது கோப்பு உருவான அல்லது மாறிய தேதி. படம் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே தனியாகப் பதிந்திருக்கிறது. ஃபோல்டரில் 'டேட் டேக்கன்' என்ற பத்தியைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள்; எல்லாம் பழையபடி அடுக்கி நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு மட்டும் அந்த விவரம் இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் அவற்றின் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் எட்டு இலக்கங்களாக எழுதியிருக்கும். ஆனால் அது உங்கள் போனுக்கு வந்த தேதி.

10. ஐபோனைச் செருகினால் ஃபோல்டர் காலியாக இருக்கிறது. அல்லது பாதியில் பிழை என்று நின்றுவிடுகிறது.

செருகியதும் ஐபோன் திரையில் 'டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்' என்று கேட்கும். 'டிரஸ்ட்' கொடுத்து கடவுக்குறியீட்டை இட்டால்தான் ஃபோல்டர் திறக்கும். கேள்வியே வரவில்லை என்றால், விண்டோஸ் கணினியில் 'ஆப்பிள் டிவைசஸ்' செயலியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். ஐபோனோடு பேசத் தேவையான இயக்கி அதோடு வரும். கணினியை நீண்ட நாள் அப்டேட் செய்யாமல் வைத்திருந்து, ஐபோனை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஓர் அமைப்பு. ஐபோனின் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்று இருக்கும். அது 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், போன் ஒவ்வொரு படத்தையும் வேறு வடிவத்துக்கு மாற்றியபடியே அனுப்பப் பார்க்கும். அந்த வேலையில் திணறி இணைப்பு அறுந்துவிடும். 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

இன்னொன்று. 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' இயங்கிக்கொண்டிருந்தால் பல படங்களின் முழு அளவு போனில் இருக்கவே இருக்காது, ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இருக்கும். வயர் வழியாக அவை வராது. ஐகிளவுட் இணையதளத்தில் நுழைந்துதான் இறக்க வேண்டும்.

11. ஐபோன் படம் வந்துவிட்டது, ஆனால் கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்கள் 'ஹெச்இஐசி' என்ற வடிவத்தில் பதிவாகின்றன. ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும். பழைய விண்டோஸ் கணினிக்கு அது புரியாது. விண்டோஸ் 10, 11 கணினிகளில் 'ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாக எடுத்துப் போட்டால் பெரும்பாலும் திறக்கும். இனி எடுக்கும் படங்கள் பழைய ஜேபெக் வடிவத்திலேயே வேண்டுமென்றால், ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

12. எதற்கு இந்த வயர் எல்லாம்? நான் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, கணினியில் இறக்கிக்கொள்கிறேன்.

ஒன்றிரண்டு படங்களுக்குச் சரி. வீட்டுப் படங்களைப் பாதுகாக்க அது வழியாகாது. சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம் நீளவாக்கில் ஏறக்குறைய 1600 புள்ளிகளாகக் குறைந்துவிடும். போன் திரையில் வேறுபாடு தெரியாது. அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்ட ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும்போது தெரியும், புடவைக் கரையின் வேலைப்பாடு கலங்கிப்போயிருக்கும். எடுத்த தேதியும் இடமும்கூட நீங்கிவிடும்.

வாட்ஸ்அப் வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், இணைப்பு அடையாளத்தைத் தொட்டு 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படம் சுருங்காமல் அப்படியே போகும். வயரே வேண்டாம் என்பவர்களுக்கு, ஆண்ட்ராய்டிலிருந்து விண்டோஸுக்கு கூகுளின் 'குவிக் ஷேர்' நல்ல வழி. கணினியிலும் அதை நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்தால் போதும்.

13. எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கிறதே. போனில் அழித்துவிட்டால் என்ன?

இந்த நம்பிக்கையில் படங்களை இழந்தவர்கள் அதிகம், அதனால் நிதானமாகப் படியுங்கள். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை 'டெலீட்' செய்தால் அது போனிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகிறது. கணக்கில் ஏறியிருந்த படம் 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். பிறகு முடியாது. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதிலுள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற வசதியையே பயன்படுத்துங்கள். கணக்கில் ஏறிய படங்களை மட்டும் அது போனிலிருந்து நீக்கும்.

அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் டிரைவும் அதே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நிரம்பியதும் புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும், ஒரு சிறிய எச்சரிக்கை மட்டும் வரும். அதைக் கவனிக்காமல் 'எல்லாம் மேலே இருக்கிறது' என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கையும் கூகுள் அழிக்கக்கூடும். மறைந்த தந்தையின் படங்கள் அவருடைய கணக்கில் மட்டும் இருந்தால் இன்றே அவற்றைக் கணினிக்கு இறக்குங்கள். 'கூகுள் டேக்அவுட்' மூலம் மொத்தமாக எடுக்கலாம்.

14. பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். போதும்தானே?

ஒரு நகல் போதாது. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என்று வைப்பது நல்லது. மூன்றாவது, அண்ணன் வீட்டில் இருக்கும் டிஸ்க்காகவும் இருக்கலாம், இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். வெள்ளம் வந்தால் பீரோவும் கணினியும் சேர்ந்தே நனையும். 2015 டிசம்பரில் சென்னையில் அதைத்தான் பார்த்தோம்.

பென் டிரைவ் ஊருக்கு ஊர் எடுத்துச்செல்ல ஏற்றது. பல ஆண்டுகள் பாதுகாக்க ஏற்றதல்ல. பெரிய வீடியோவை அதில் போடும்போது, இடம் இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுத்தால், அது ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது என்று பொருள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

15. போன் கீழே விழுந்து திரை போய்விட்டது. சிப்பைக் கழற்றி அதிலிருந்து படத்தை எடுத்துத்தர முடியுமா?

சிப்பைக் கழற்றிப் பயனில்லை. ஆண்ட்ராய்டு 10உடனோ அதற்குப் பிறகோ வெளிவந்த போன்கள் எல்லாமும், ஐபோன்களும், உள்ளே இருப்பதை மறைகுறியாக்கியே எழுதுகின்றன. திறக்கும் சாவி அந்தப் போனின் மதர்போர்டோடும் உங்கள் பூட்டுக் குறியீட்டோடும் பிணைந்திருக்கிறது. சிப்பை மட்டும் எடுத்தால் கிடைப்பது பொருளற்ற எண்கள்.

திரை மட்டும் போயிருந்தால் நம்பிக்கை உண்டு. திரையை மாற்றச் சொல்லுங்கள், பூட்டைத் திறங்கள், வேறு எதையும் செய்வதற்கு முன் 6ஆம் கேள்வியில் சொன்னபடி நகலெடுங்கள். சென்ற ஆண்டு ஓர் அம்மா கைக்குட்டையில் சுற்றி ஒரு போனைக் கொண்டுவந்தார். கணவரின் கடைசி மாதப் படங்கள் அதில்தான் இருந்தன. திரையை மாற்றியாயிற்று, போன் எழுந்துவிட்டது, ஆனால் பூட்டுக் குறியீடு கணவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. தெரிந்த தேதிகளையெல்லாம் இட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. அன்றிலிருந்து வயதான பெற்றோர் வைத்திருக்கும் போனின் குறியீட்டை வீட்டில் இன்னொருவரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

16. அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 வராது என்கிறார்கள். தூக்கிப்போட வேண்டியதுதானா?

தூக்கிப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. வீட்டுக் கணினிகளைப் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும் வேண்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பழைய கணினிகளில் இவை கிடையாது. குறுக்குவழியில் ஏற்றித் தருபவர்கள் உண்டு. பின்னால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நான் பரிந்துரைப்பது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். அந்தத் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகள் பலவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். இன்று அதே கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாக ஓடும். ராம் 4 ஜிபியாக இருந்தால் இன்னும் நல்லது. அப்டேட் இலவசமாக வரும், தமிழ் தெரியும், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆஃபிஸ் உண்டு, ஆண்ட்ராய்டு போனைச் செருகினால் படங்கள் உடனே தெரியும். மாற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 8ஆம் கேள்வியையும் 14ஆம் கேள்வியையும் பாருங்கள்.

17. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று சிவப்பாகத் திரை வந்தது, போன் எண்ணும் இருந்தது. அழைக்கலாமா?

அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் ஒருபோதும் போன் எண் இருக்காது. திரை முழுவதும் நிறைத்திருந்தால் எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், பிறகு உலாவியை மூடுங்கள். அப்டேட் எப்போதும் நீங்களே செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்ப்பதாக இருக்கட்டும். உலாவி என்றால் அதன் சொந்தப் பட்டியலில் 'அபவுட்' பகுதியில் பாருங்கள். வலைப்பக்கமோ வாட்ஸ்அப் செய்தியோ நீட்டும் அப்டேட்டை ஏற்க வேண்டாம்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளும் (போனில் செயலியை நிறுவும் கோப்புகள்) இதே வகை. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோதான் வரும். நிறுவச் சொல்லிக் கேட்காது. தொட்டு நிறுவிவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண்.

18. 2024 ஜூலையில் உலகம் முழுவதும் கணினி நீலத்திரையாகி விமானமே நின்றதே, அது அப்டேட்டால்தானே? அப்படியானால் போடாமல் இருப்பதுதானே நல்லது?

நியாயமான கேள்வி. ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அது விண்டோஸ் அப்டேட் வழியாக வரவில்லை. பெரிய நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு வந்தது. வீட்டுக் கணினிகளில் அந்த மென்பொருள் பொதுவாக இருப்பதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கத்தைச் சொல்கிறேன். மாதாந்திரப் பாதுகாப்பு ஒட்டுகளை வந்த வாரத்திலேயே போட்டுவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை மட்டும் ஒரு மாதம் பொறுத்துப் போடுகிறேன். பிழை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். போட்ட பிறகு பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் 'ரிகவரி' பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

19. போனுக்கு அப்டேட் வந்திருக்கிறது. இடமில்லை, எதையாவது அழி என்கிறது. எதை அழிப்பது?

அந்த அவசரத்தில் படங்களில் கை வைக்காதீர்கள். முதலில் இறக்கிவைத்த திரைப்படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள், முன்னனுப்பிய வீடியோக்கள் ஆகியவற்றை நீக்குங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் பெரிய கோப்புகள் வரிசையாகத் தெரியும். பெரும்பாலான போன்களில் இதிலேயே போதுமான இடம் கிடைத்துவிடும்.

அப்படியும் போதவில்லை என்றால், 8ஆம் கேள்வியில் சொன்ன முறையில் வீடியோக்களை மட்டும் முதலில் கணினிக்கு நகலெடுங்கள். ஒரு நிமிட வீடியோ பல படங்களின் இடத்தை அடைக்கும், அதனால் விரைவில் இடம் கிடைக்கும். எண்ணிக்கையைச் சரிபார்த்து, திறந்து பார்த்து, வெளி டிஸ்க்கிலும் ஒரு நகல் வைத்த பிறகு போனில் அழியுங்கள். அழித்தவை குப்பைத் தொட்டியில் தங்கியிருக்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. ஐபோனில் அவை 'ரீசண்ட்லி டெலீட்டட்' பகுதியில் 30 நாட்கள் வரை இருக்கும். அதையும் காலி செய்யுங்கள். போனைச் சார்ஜரில் செருகிவிட்டு, வைஃபையில் அப்டேட்டைத் தொடங்குங்கள். நடுவில் திரை கருப்பாகி நெடுநேரம் நின்றால் 4ஆம் கேள்விக்கான பதில்தான் இதற்கும்: காத்திருங்கள்.